வாலில் ஒரு வளையம், மூக்கில் ஒரு வளையம்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு போன் திரையிலிருந்து எடுத்தேன்.

நானும் தூங்குமூஞ்சியும் ஒரே பார்சல் கிடங்கில் இரவு வேலை பார்த்தோம். நான் பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். அவன் இன்னும் அங்கேதான் பெட்டிகளை ஊர்வாரியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறான். உட்கார்ந்தால் தூங்கிவிடுவான், அதனால் அந்தப் பெயர். போன வாரம் டீக்கடையில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். தூங்கவில்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. போனை என் மூக்குக்குக் கீழே நீட்டினான்.

"இதப் பாரு. எதாச்சும் சொல்லு."

வெள்ளை மேகம். அதன் மேல் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு விமானத்தின் நிழல். நிழலின் வால் பக்கத்தைச் சுற்றி முழு வட்டமாக ஒரு வானவில்.

"நல்லாருக்கு" என்றேன்.

"அவ்ளோதானா? டேய், இந்த வட்டத்தாலதான் எங்க மாமனாரும் அவரு மச்சானும் வருஷக்கணக்கா மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல."

வானவில்லைப் பார்த்து வாயைப் பிளந்தவர்கள் எனக்குத் தெரியும். வானவில்லுக்காகப் பேச்சை விட்டவர்களைக் கேள்விப்பட்டதில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டேன்.

2

தொடக்கங்கள்.

"வானம் என்பது மனிதனின் —"

அடித்துவிட்டேன். 'வானம் என்பது' என்று தொடங்குகிற ஆள் அண்ணாந்து பார்த்திருக்கவே மாட்டான்.

"விமானம் மேகத்தைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தபோது அவள் —"

யார் அவள்? முன்பின் தெரியாத ஒருத்தி மேகத்துக்கு மேலே போனால் உங்களுக்கு என்ன வந்தது? இதையும் அடித்துவிட்டேன். (அந்த வரி பின்னால் திரும்பி வரும். அவசரத்துக்குக் கை கொடுக்கும் என்று மடித்து வைத்திருக்கிறேன்.)

"அந்த வீட்டு சோபாவில் எல்லாரும் ஒருக்களித்தே உட்கார்ந்தார்கள்."

இது இருக்கட்டும். அது தூங்குமூஞ்சியின் மாமனார் வீடு; இனி அவர் அப்பா, மாமியார் அம்மா. காரணம் ஒரு ஸ்பிரிங். சோபாவின் நட்டநடுவில் துணியைக் குத்திக்கொண்டு நிற்கிறது. அம்மாவின் தம்பி, அதாவது மாமா, சோபா தைக்கிறவர். அரை மணி நேர வேலை அவருக்கு. ஆனால் அவர் அந்த வீட்டுப் படி ஏறக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அவரைத் தவிர வேறு எவனும் சோபாவில் கை வைக்கக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். இரண்டு உத்தரவும் அமலில் இருப்பதால் குடும்பமே ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து டிவி பார்க்கிறது.

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். எந்த வண்டியில் உட்கார்ந்தாலும், பக்கத்து இருக்கையில் இருந்தபடி, இல்லாத பிரேக்கை மிதிப்பார். ஒருமுறை தொலைவில் இருந்த நகரத்தில் பழைய பயிற்சிக் கார் ஒன்று விலைக்கு வந்தது. அதை வாங்கி ஓட்டி வருவதற்காக அவரும் மாமாவும் விமானத்தில் போனார்கள். இருவருக்கும் அதுதான் முதல் பயணம். ஆளுக்கொரு ஜன்னல் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினார்கள். மாமாவுக்கு முன்னால், அப்பாவுக்குப் பின்னால்.

மேகத்தின் மேல் விமானத்தின் நிழலையும் அதைச் சுற்றி வட்ட வானவில்லையும் இருவருமே பார்த்தார்கள். இறங்கியதும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். திரும்பி வரும் வழியில், காரில், பேச்சு தொடங்கியது.

"மச்சான், அந்த வட்டம் சரியா வாலச் சுத்தி இருந்துச்சு பாத்தியா? நான் உக்காந்திருந்த எடம்!"

"வாலா? மூக்குப் பக்கம் மச்சான். எனக்கு நேரா இருந்துச்சு."

"கண்ணத் தொடச்சுட்டுப் பாத்தியா?"

"நீங்க முழிச்சிட்டுதான் இருந்தீங்களா?"

பாதி வழியில் மாமா காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, பஸ் பிடித்து வந்துசேர்ந்தார். அதோடு சரி. அன்றிலிருந்து அப்பாவுக்கு மாமா பொய்யன். மாமாவுக்கு அப்பா புளுகன். ஊரில் ஒருத்தரும் இருவரையும் நம்பவில்லை. வானவில் வந்து இவர்களுக்கு மாலை போட்டதாம் என்று சிரித்தார்கள். அப்பாவுக்கு 'வட்டம்', மாமாவுக்கு 'மூக்கு' என்று பட்டப்பெயர்தான் மிச்சம்.

3

அப்பாவின் மகளை முதல் பிரதியில் டீச்சராக எழுதியிருந்தேன். படித்துவிட்டுத் தூங்குமூஞ்சி கோபப்பட்டான். அவள் அவன் மனைவி.

"டீச்சராமே! அவ பல் செட் செய்யறவடா. அத மாத்திட்டா அப்புறம் கதையே நிக்காது."

சரி. அவள் பல் செட் செய்கிறவள். நாள் முழுக்க வெளிச்சமான ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து மற்றவர்களுடைய பற்களைச் செதுக்குகிறாள். அவள் மேஜையில் பற்களின் மாதிரி வரிசை ஒன்று தொங்கும். உங்களுக்கும் எனக்கும் வெள்ளை ஒன்றுதான். அவளுக்கு வெள்ளையில் பதினாறு உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். புதிதாக யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பாள். கல்யாணத்துக்கு முன் இவனைப் பார்க்க வந்தபோது, "ஏ த்ரீ. டீ அதிகம்" என்று தன் தங்கையிடம் முணுமுணுத்தாளாம். அப்பா அவளைக் கூப்பிடுவதே 'பல்லுக்காரி' என்றுதான்.

சின்ன வயதிலிருந்து அவளுக்கு ஒரே வெறி. அப்பா சொன்ன வட்டத்தைப் படம் எடுக்கவேண்டும். கொண்டுவந்து மேஜையில் வைக்கவேண்டும். சிரித்தவன் எல்லாம் வாயை மூடவேண்டும். முந்தைய பயணங்களில் தப்பான பக்கம் உட்கார்ந்து, சூரியனைப் பார்த்துக் கண் கூசியதுதான் மிச்சம். பிறகுதான் உறைத்தது: நிழல் வேண்டுமென்றால் சூரியனுக்கு முதுகைக் காட்டவேண்டும். இவ்வளவு எளிமையான விஷயம் இவ்வளவு தாமதமாகப் புரிந்ததற்காகத் தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.*

(* குட்டிக்கொண்டதை நான் பார்க்கவில்லை. அவன் நடித்துக் காட்டினான். டீக்கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.)

4

பல் செதுக்கும் இயந்திரம் ஒன்று புதிதாக வந்திருந்தது. அதைப் பழகிக்கொள்ள அவளை வேறொரு நகரத்துக்கு அனுப்பினார்கள். துணைக்கு இவனும் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினான். காலை விமானம். வானம் முழுக்க மூடியிருந்தது. மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மேகம் இல்லாவிட்டால் நிழல் எங்கே போய் விழும்?

இருவருக்கும் நிழல் பக்கத்திலேயே ஜன்னல் வாங்கிவிட்டாள். அவனுக்கு மூன்றாவது வரிசை. அவளுக்குக் கடைசிக்கு முந்தின வரிசை.

அவளுக்குப் பக்கத்தில், நடு இருக்கையில், ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். கை நிறையப் பத்திரிகைகள். அவள் முன்னால் எட்டிப் பார்த்து, "ஏங்க! தூங்கிடாதீங்க! நிழல மட்டும் எடுங்க, வேற எதையும் எடுக்காதீங்க!" என்று கத்துவதைப் பார்த்தார். மனது இளகிவிட்டது.

"வீட்டுக்காரரா? நான் வேணா முன்னாடி போறேம்மா. அவர இங்க வரச்சொல்லுங்க. சேந்து உக்காருங்க."

"வேணாங்க."

"எனக்கு ஒண்ணும் சிரமம் இல்ல."

"அவர் அங்கயே இருக்கட்டும். ஆளுக்கு ஒரு ஜன்னல் வேணும்."

பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்மா."

"சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நிழல் எடுக்கணும்."

(இந்தப் பெரியவரை வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். கதைக்கு அவர் எதுவும் செய்வதில்லை. ஆனால் அடுத்த பகுதியில் ஒரு கேள்வி கேட்கிறார். அந்தக் கேள்விக்காக வைத்திருக்கிறேன்.)

5

இந்த இடத்தை எழுதத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன்.

விமானம் ஓடியது, எழும்பியது. கூரைகள், ஒரு நீச்சல் குளம், வரிசையாக நின்ற லாரிகள் எல்லாம் கீழே சுருங்கின. பிறகு எங்கும் சாம்பல் நிறம். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஈரத்துணியைத் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. முன்பு வந்த யாரோ ஜன்னலில் நெற்றியைச் சாய்த்துத் தூங்கியிருக்கிறார், எண்ணெய்த் தடம். பல் துடைக்கும் மெல்லிய துணியால் அதைத் துடைத்தாள். உள்ளே இருக்கும் வெளிச்சம் கண்ணாடியில் விழக்கூடாது என்று தலையோடு ஜன்னலையும் சேர்த்துக் கறுப்புச் சால்வையால் மூடிக்கொண்டாள்.

"என்னம்மா, குமட்டுதா?" என்றார் பெரியவர்.

"படம்!" என்றது சால்வை.

விமானம் மேகத்தைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தபோது அவள் மூச்சு விடவில்லை. (சொன்னேனே, வரும் என்று.) கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை. ஏ ஒன், பி ஒன், அங்கங்கே பள்ளத்தில் கொஞ்சம் சி டூ. எண்ணே இல்லாத ஒரு வெள்ளையும் இருந்தது. அந்த நிறத்தில் பல் செய்தால் ஆள் சிரிக்கும்போது எதிரே இருப்பவன் கண்ணை மூடிக்கொள்ளவேண்டியதுதான். அந்த வெள்ளையின் மேல், விமானத்தோடு ஓட்டப்பந்தயம் வைத்தது போல, நிழல் ஓடிக்கொண்டிருந்தது. இறக்கை தெரிந்தது, வால் தெரிந்தது. மேட்டில் ஏறியது, பள்ளத்தில் விழுந்தது, நீண்டது, சுருங்கியது, விடாமல் கூடவே வந்தது.

அதைச் சுற்றி வட்டம். வெளியே சிவப்பு, உள்ளே நீலம். எங்கும் அறுந்துபோகாத முழு வட்டம்.

போன் ஜன்னல் கீறலைத்தான் அழகாகப் படம்பிடித்தது. சனியனே என்றாள். திரையில் மேகத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். கீறல் மறைந்தது, மேகம் கூர்மையானது. எடுத்தாள். எடுத்தாள். எடுத்துக்கொண்டே இருந்தாள். வட்டத்தின் நடுப்புள்ளி எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தாள்.

வாலில். அப்பா சொன்ன அதே இடத்தில்.

"அப்பா!" என்று கத்திவிட்டாள்.* பணிப்பெண் பெல்ட் போட்டபடியே தன் இருக்கையிலிருந்து என்ன என்று சைகையால் கேட்டாள். நாலைந்து பேர் எழப் பார்த்தார்கள். பெரியவர் பத்திரிகைகளைக் கீழே போட்டுவிட்டு சால்வைக்குள் தலையை விட்டார்.

"அட! அட அட! ஏம்மா, அது நம்ம பிளேனா?"

"நம்ம பிளேனேதாங்க!"

"இதுல நான் எங்கம்மா இருக்கேன்?"

"அந்த வட்டத்துக்கு நடுவுல!"

(* கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னேன் என்கிறாள் அவள். மூன்றாவது வரிசை வரை கேட்டது என்கிறான் அவன்.)

6

இறங்கி, பெட்டி வரும் பட்டைக்கு முன்னால் நின்றார்கள். அவளுக்கு நிற்க முடியவில்லை.

"தூங்கிட்டீங்கதானே?"

"கேக்கற கேள்வியப் பாரு. தூங்கத்தான் பாத்தேன். நீ போட்ட சத்தத்துல நெஞ்சே நின்னு போச்சு. நானும் பயத்துல அமுக்கிட்டே இருந்தேன்."

அவன் போனைப் பிடுங்கினாள். வரிசையாகப் படங்கள். நிழல் இருந்தது. வட்டம் இருந்தது. அவள் நின்றுவிட்டாள்.

"இது தப்பு."

"எது?"

"வட்டம். மூக்குப் பக்கம் இருக்கு."

"நான் ஒண்ணும் நகத்தலம்மா. இருந்த எடத்துலதான் எடுத்தேன்."

வேறு நேரத்தில் எடுத்திருப்பான், அதற்குள் வட்டம் நகர்ந்திருக்கும் என்று நினைத்தாள். இரண்டு போன்களையும் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினாள். அவள் படத்தில் நிழலின் ஓரமாக ஒரு மேகத் திட்டு. இரண்டு வேர், நடுவில் பள்ளம், அச்சாகக் கடைவாய்ப்பல். அவன் படத்திலும் அதே பல், நிழலுக்கு அதே ஓரத்தில். அவளுக்குப் பல் அடையாளம் தப்பாது. அதே நொடி. அதே மேகம். அதே நிழல். வட்டம் மட்டும் இடம் மாறியிருந்தது.

அவர்களுடைய பெட்டி வந்தது. போனது. இன்னொரு சுற்று வந்தது.

"நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?"

"முன்னாடி. நீதானே போட்டுக் குடுத்த."

"நான் பின்னாடி."

"ஆமா."

"ஏங்க," என்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், "அவங்க அவங்களுக்கு அவங்க அவங்க வட்டம்!"

கதையை ஒரு நிமிடம் நிறுத்திக் கொஞ்சம் கட்டுரை. பாதி பேர் இதை நம்ப மாட்டீர்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அதிலிருந்து உங்கள் கண் வழியாக ஒரு நேர்க்கோட்டை மேகம் வரை இழுங்கள். கோடு தொடும் இடத்தில்தான் உங்கள் தலையின் நிழல் விழும். வட்டம் அதைச் சுற்றித்தான் வரும். வாலில் உட்கார்ந்தவனுக்கு வாலில். மூக்கில் உட்கார்ந்தவனுக்கு மூக்கில். அந்தப் பக்க ஜன்னல்களில் எத்தனை பேர் எட்டிப் பார்க்கிறார்களோ அத்தனை வட்டங்கள். ஒருவருடைய வட்டத்தை இன்னொருவர் பார்க்கவே முடியாது.

7

துள்ளிக் குதித்தார்கள். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் அவள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஏன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். அப்பா சொன்னதில் இரண்டு பாதி உண்டு. வட்டம் என்னைச் சுற்றி வந்தது, இது முதல் பாதி. மச்சான் சொல்வது பொய், இது இரண்டாவது. அவள் படத்தை மட்டும் காட்டினால் இரண்டும் நிரூபணம். அந்த மனிதர் இத்தனை வருடம் காத்திருந்த வெற்றி, முழுசாக, மேளதாளம் இல்லாத குறைதான். அவன் படத்தையும் சேர்த்துக் காட்டினால் மாமாவும் பொய்யன் இல்லை. அம்மாவுக்குத் தம்பி திரும்பக் கிடைப்பார். ஆனால் அப்பாவுக்கு? உனக்கு வந்த வானவில் எல்லாருக்கும் வந்ததுதான், இதற்காகத்தான் ஒரு மனுஷனை நடுவழியில் இறங்க வைத்தாய் என்று ஆகிவிடும்.

அம்மாவுக்கு மட்டும் போன் போட்டாள்.

"எடுத்துட்டேம்மா."

"நெஜமாவா! யாரு பொய் சொன்னது? உங்கப்பனா, என் தம்பியா?"

"யாரும் சொல்லலம்மா."

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று அடித்து ஓய்ந்தது.

"அப்ப இத்தனை வருஷமா நான் நடுவுல மாட்டிட்டு முழிச்சதெல்லாம்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே பேசினாள். "உங்கப்பாகிட்ட ஒண்ணும் சொல்லிடாத. நேர்ல வா. நான் தம்பியையும் வரச்சொல்றேன்."

"வருவாரா?"

"ஸ்பிரிங் மாத்தணும்னு சொல்றேன். கோவம் இருந்தாலும் தொழில்காரன். வருவான்."

"அப்பா உள்ள விடுவாரா?"

"வீட்டுக்குப் படி கட்டினது அவரா, நானா? விடலன்னா அந்த ஸ்பிரிங் மேலயே அவர உக்கார வைக்கறேன்."

8

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. மகள் தன் படத்தை மட்டும் காட்டுகிறாள். அப்பா போனை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார். மாமா பையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போகிறார். ஸ்பிரிங் அப்படியே நிற்கிறது. அப்பா அதற்குப் பக்கத்தில் ஒருக்களித்து உட்கார்ந்து, வாழ்நாளில் முதல்முறையாக —

'வாழ்நாளில் முதல்முறையாக' என்று எழுதினாலே மேலே நகராமல் நின்றுவிடுவேன். விட்டுவிட்டேன்.

ஆ. இரண்டையும் காட்டுகிறாள். இருவரும் வெகுநேரம் பார்க்கிறார்கள். பிறகு மாமா சொல்கிறார்: "என்னோடது இன்னும் பளிச்சுனு இருந்துச்சு மச்சான்." சண்டை மறுபடி தொடங்குகிறது. ஆனால் இது முகம் பார்த்துப் போடுகிற சண்டை. எனக்குப் பிடித்த முடிவு இது. அதனாலேயே இதை நம்பமாட்டேன்.

இ. மகள் சொல்கிறாள்: "அப்பா, ஓட்டறவன் சீட்டுலேருந்து தெரியறது வேற, பக்கத்து சீட்டுலேருந்து தெரியறது வேறன்னு பழக வர்றவங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதே நீங்கதானே?" அப்பா கலங்குகிறார். கலங்குவார், ஏன் கலங்க மாட்டார்? எந்த மகளும் அப்பனிடம் இப்படி எழுதிவைத்தது போலப் பேசுவதில்லை. கிழித்துப் போட்டேன்.

மூன்றையும் தூங்குமூஞ்சிக்கு அனுப்பினேன். பதிலுக்கு அவளே கூப்பிட்டாள். அவள் குரலை அன்றுதான் முதலில் கேட்டேன்.

"எங்கப்பாவ மட்டமா எழுதாதீங்க."

"எழுதல. நடந்தத சொல்லுங்க, அதையே எழுதிடறேன்."

"இன்னும் நடக்கலயே. ஞாயித்துக்கிழமைதான் போறோம். எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட போனக் காட்டினதே, என்ன பண்ணலாம்னு கேக்கத்தான். நீங்க பாட்டுக்குக் கதை எழுத உக்காந்துட்டீங்க."

டீக்கடையில் அவன் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. 'எதாச்சும் சொல்லு.'

9

நான் சொல்லமாட்டேன். சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிரதி எழுதினேன். மாமா அற்பமாகத் தெரிந்தார். மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்பா கோமாளி ஆகிவிட்டார். இந்தப் பிரதியில் முழுக்க மகளோடு உட்கார்ந்துவிட்டேன்; நீங்களும் அவள் சால்வைக்குள்தான் இருந்தீர்கள். நான் எங்கே உட்கார்ந்தாலும் வட்டம் அங்கேயே வந்து விழுகிறது. அந்தப் பெரியவர் கேட்டாரே, 'இதுல நான் எங்கம்மா இருக்கேன்?' என்று, அதற்குமேல் எனக்கும் தெரியாது.

அதனால் ஞாயிற்றுக்கிழமையை உங்களிடம் தருகிறேன்.

பிற்பகல். கூடத்தில் நல்ல வெளிச்சம். அப்பா சோபாவில் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறார். ஸ்பிரிங்குக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்கார இடம் காலியாக இருக்கிறது. மாமா வாசலில் நிற்கிறார். ஒரு கையில் சுத்தியலும் கொக்கி ஊசியும் போட்ட பை. செருப்பில் ஒரு கால் கழற்றியாகிவிட்டது, இன்னொன்று இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் மகளையே பார்க்கிறார்கள். தூங்குமூஞ்சி சுவரில் சாய்ந்து நிற்கிறான். கண் நன்றாகவே திறந்திருக்கிறது. சமையலறை வாசலில் அம்மா, கையில் கரண்டியோடு.

"என்னடி பல்லுக்காரி, எடுத்தியாமே?" என்கிறார் அப்பா. "சொல்லு. எங்க இருந்துச்சு? வாலுலதானே?" இதைக் கேட்கும்போது அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருக்கிறது, பிரேக் பிடிக்கிற மாதிரி.

மகள் உங்களைப் பார்க்கிறாள். போனை உங்கள் கையில் வைக்கிறாள்.

திரையில் வட்டம் வாலில் இருக்கிறது. விரலால் ஒரு தள்ளு தள்ளினால் தூங்குமூஞ்சி அனுப்பிய அடுத்த படம்; வட்டம் மூக்குக்கு வந்துவிடும். அப்பா கையை நீட்டுகிறார். வாசலில் இருந்து மாமாவும் நீட்டுகிறார்.

சீக்கிரம். கொஞ்ச நேரத்தில் திரை அணைந்துவிடும், அவளுடைய பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது.